படத்தில் வந்த எங்கள் வீட்டுச் சொம்பு

எங்கள் வீட்டில் வைரம் இருந்தது. ஆகவே நாங்கள் ஏழைகள் அல்ல என்று எங்கள் குடும்பம் நம்பியது. ஒப்புக்குச் சொல்லிக்கொள்ளும் ஆறுதலாக அல்ல, அப்பா, அம்மா, நான், என் தம்பி ஆகிய நால்வரும் முழுமனதாகவே நம்பினோம். அப்பா வீட்டு முன்னறையில் சாணைச் சக்கரம் வைத்துச் செயற்கை வைரக் கற்களுக்குப் பட்டை தீட்டிக்கொண்டிருந்தார். திருச்சியைச் சுற்றி அந்நாளில் பல வீடுகளில் நடந்த வேலைதான். கல் வியாபாரியுடையது, பட்டை மட்டுமே அப்பாவுடையது. ஆனாலும் காலையில் பெருக்கும்போது துடைப்பத்தில் ஏதாவது மின்னினால் அம்மா அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். "வைரத்தைக் கூட்டித் தள்ளுற வீடு ஊர்ல எத்தனை இருக்கும், சொல்லுங்க பாப்போம்" என்பாள். அப்பா சக்கரத்தை நிறுத்தாமலே சிரிப்பார்.

ஏழைகள் வேறெங்கோ இருந்தார்கள். நாங்கள் குடியிருந்த, ஸ்ரீரங்கத்தை ஒட்டிய மேலூர்ச் சாலையிலிருந்து பார்த்தால், வாய்க்காலுக்கு அப்பால் வாழைத் தோட்டத்தை ஒட்டி அவர்களுடைய குடிசைகள் தெரியும். அவர்களைப் பார்த்து நாங்கள் இரக்கப்படுவோம். அவர்களும் எங்களைப் பார்த்து அவ்வாறே இரக்கப்பட்டிருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றுவதற்குள், நான் ஒரு மகளிர் கல்லூரியில் இலக்கியம் கற்பித்து ஓய்வும் பெற்றுவிட்டேன்.

இந்த நம்பிக்கையில் நால்வரிலும் உறுதியானவள் நான். காரணம், எனக்கு வறுமை என்றால் என்னவென்று தெரியும், புத்தகத்தில் படித்திருந்தேன். கிளை நூலகத்திலிருந்து எடுத்து வந்த மொழிபெயர்ப்பு நாவல்களில், பனி பெய்யும் தெருக்களில் ரொட்டிக்கு ஏங்கும் குழந்தைகளுக்காக நான் தேம்பித் தேம்பி அழுவேன். சாப்பிட வரும்படி அம்மா கூப்பிடுவாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் உட்காருவேன். இன்னொரு கரண்டி சோறு கேட்டால் இல்லை என்பாள். அதைப் பெரிதாகக் கருதாமல் கையைக் கழுவிக்கொண்டு, அந்தக் குழந்தைகளுக்காக அழத் திரும்பி வருவேன்.

ஆசிரியையான பின், எதற்குள்ளும் இன்னொன்று ஒளிந்திருக்கிறது என்று நிரூபிப்பதே என் தொழிலாயிற்று. என் வகுப்பில் கதைமாந்தர் ஒருவர் கதவைச் சாத்தினால் அது கதவாக இருந்ததில்லை. விளக்கு அணைந்ததற்கு எண்ணெய் தீர்ந்தது காரணமாக இருந்ததில்லை. ஒருமுறை பாடம் நடக்கும்போது சாரல் அடித்துச் சன்னலோர மாணவிகள் பதறி எழுந்தார்கள். "உக்காருடி, மேடம் கிளாஸ்ல பெய்யறது மழை இல்லை" என்று பின்வரிசையில் ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது. விழாததுபோல் இருந்துகொண்டேன். உள்ளூர அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

ஆகவே, என் தம்பியின் மகள் தான் எடுத்த படத்தை முதலில் எனக்குக் காட்ட விரும்பியதில் வியப்பில்லை. அவள் சென்னையில் விளம்பரப் படங்களுக்கு எடிட்டிங் செய்கிறாள். விடுமுறைகளைச் சேர்த்துவைத்து, நண்பர்களையும் நண்பர்களின் கேமராவையும் அழைத்துவந்து, ஜீயபுரத்துப் பக்கமும் எங்கள் பழைய சாலையிலுமாக, ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைந்த படம் ஒன்றை எடுத்திருந்தாள். ஓர் ஏழைச் சிறுவனின் பால்யம்தான் கதை. ஸ்ரீரங்கத்தில் என் ஃப்ளாட்டுக்கு வந்து, மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையின்மேல் வைத்துப் படத்தை ஓடவிட்டாள். நான் பார்க்கும்போது பக்கத்தில் இருக்கக் கூச்சமாக இருக்கிறது என்று சொல்லிக் கோயிலுக்குப் போய்விட்டாள்.

பார்த்த சிறிது நேரத்திலேயே அது எங்கள் வீடு என்று தெரிந்துவிட்டது. முன்னறையில் சாணைச் சக்கரம் இருந்தது. வியாபாரியிடமிருந்து கல் வராத நாள்களில், அப்பாவாக நடித்தவர் கல் பார்க்கும் கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கினார். எங்கள் அப்பாவும் அப்படித்தான் செய்வார். தம்பிதான் மகளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். படத்தில் அந்தச் சிறுவன் என் தம்பி. மூலையில் புத்தகத்தோடு ஓர் அக்காவும் இருந்தாள். படம் முடியும்வரை அவளுக்கு ஒரு வரி வசனம்கூட இல்லாதது எனக்குச் சற்று வருத்தமாக இருந்தது.

கதையின் மையம் ஒரு சொம்பு. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் சொம்பு எடுக்கும் வழக்கத்தை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெருமாளுக்கு நேர்ந்துகொண்ட வீடுகளில், பித்தளைச் சொம்பு ஒன்றைத் துலக்கி நாமமிட்டு, கழுத்தில் துளசியைச் சுற்றிப் பிள்ளையின் கையில் கொடுத்தனுப்புவார்கள். பிள்ளை நெற்றியில் நாமத்தோடு வாசல்வாசலாகப் போய் "வேங்கடரமணா, கோவிந்தா" என்று குரல் கொடுப்பான். வீட்டுக்காரர்கள் ஒரு பிடி அரிசி இடுவார்கள். அந்த அரிசியைப் பொங்கிப் படைத்தால் வேண்டுதல் நிறைவேறியது. கார் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளையும் செருப்பில்லாமல் வருவான். அந்த மாதத்தில், அந்தக் கிழமையில், கையேந்தி நிற்பவனை யாரும் பிச்சைக்காரன் என்று நினைப்பதில்லை. தம்பி டைஃபாய்டில் படுத்துப் பிழைத்ததற்காக அம்மா நேர்ந்துகொண்டாள் என்பது எங்கள் வீட்டில் சொல்லப்பட்ட காரணம். நானும் அதையே நம்பியிருந்தேன்.

படத்திலும் சிறுவன் சொம்போடு போகிறான். பல வீட்டு அரிசி ஒன்றாகச் சேர்கிறது: பச்சரிசி, புழுங்கல், பழுப்பு நிறத்தில் ஏதோ ஒன்று. அம்மா அதை உலையில் இடுகிறாள். ஒரே சோற்றில் சில பருக்கை குழைந்தும் சில பருக்கை விறைத்தும் இருப்பதைக் கேமரா மிக அருகில் காட்டுகிறது. கடைசியாக இன்னொருமுறை சிறுவன் தெருவில் நிற்கிறான். எங்கோ பட்டாசு வெடிக்கிறது. அவன் சொம்பைத் தரையில் வைத்துவிட்டுச் சத்தம் வந்த திக்கைப் பார்க்கிறான். படம் முடிகிறது.

எனக்குக் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு காகிதத்தை எடுத்துக் குறியீடுகளைக் குறிக்கத் தொடங்கினேன். மின்கம்பத்தில் கட்டிய ஆடு, அமைப்பில் சிக்கிய எளியவர்கள். முதுகைக் காட்டியபடியே அமர்ந்திருக்கும் அப்பா, முகமிழந்த உழைப்பு. சுழலாத மின்விசிறி, தேங்கிப்போன காலம். பேசாத அக்கா, வாழ்க்கையை எட்டாத ஏட்டறிவு. கலந்த அரிசியில் வேற்றுமையற்ற ஒரு சமுதாயத்தையே கண்டுபிடித்தேன். பட்டாசுச் சத்தத்தில் மட்டும் கொஞ்சம் தயங்கினேன். சொம்பு எடுப்பது புரட்டாசியில். தீபாவளி வருவது ஐப்பசியில். பிழையோ? இல்லை, இவ்வளவு கவனமாக எடுத்தவள் அப்படிப் பிழை செய்யமாட்டாள். யோசித்துப் பார்த்ததில் விடை கிடைத்துவிட்டது: பசியின் நாட்காட்டியில் மாதங்கள் இல்லை. இந்த வரி எனக்கே மிகவும் பிடித்துப்போனதால் அதன்கீழ் இருமுறை கோடிட்டேன்.

கோயிலிலிருந்து திரும்பியவளுக்கு அனைத்தையும் படித்துக் காட்டினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"ஆடு அங்கதான் கட்டியிருந்துச்சு அத்தை. அவிழ்த்து அந்தப் பக்கம் கட்டட்டுமான்னு கேட்டதுக்கு அந்த அம்மா ஏசிட்டாங்க."

"சரி, அப்பா ஏன் முதுகைக் காட்டியே உட்கார்ந்திருக்கார்?"

"அவருக்கு முதுகு நல்லா நடிச்சுது. முகம் வரலை."

"மின்விசிறி?"

"கரண்ட் போயிருச்சு."

"அந்த அக்கா?"

அவள் தயங்கினாள். "அந்தப் பொண்ணுக்கு அன்னிக்குத் தொண்டை கட்டிக்கிச்சு அத்தை. நாலு நல்ல வசனம் எழுதி வச்சிருந்தேன். எல்லாம் போச்சு."

இதனால் நான் சோர்ந்துவிடவில்லை. படைப்பாளிக்குத் தன் படைப்பு தெரியாது என்பது எங்கள் துறையில் நெடுங்காலமாக எங்களைக் காப்பாற்றி வரும் கொள்கை. பட்டாசுச் சத்தத்துக்கு நான் கண்ட பொருளைச் சொன்னபோது மட்டும் அவள் எதிர்வாதம் செய்யவில்லை. "அது அப்படியே இருக்கட்டும் அத்தை" என்று சொல்லிவிட்டு மடிக்கணினியை மூடினாள். நான் வென்றுவிட்டதாக எண்ணிக்கொண்டேன்.

அவள் வந்த காரியம் வேறு. நான் உறுப்பினராக உள்ள வாசகர் வட்டம் அந்தப் படத்தை ஸ்ரீரங்கத்தில் ஒரு நூலகத்தின் மாடியறையில் திரையிட ஒப்புக்கொண்டிருந்தது. ஆனால் அவளுடைய அப்பா, அதாவது என் தம்பி, வரமாட்டேன் என்கிறான். அவன் வந்து உட்காராமல் படத்தைப் போடமாட்டேன் என்று அவளும் பிடிவாதமாக இருந்தாள்.

"அது அவரோட படம் அத்தை. அவர் இல்லாம யாருக்குப் போட்டுக் காட்டுறது? நீங்க சொன்னா கேப்பாரு."

நான் சொல்லி என் தம்பி கேட்டதாக எனக்கு நினைவில்லை. ஆயினும் மறுநாள் பேருந்தேறி கே.கே. நகருக்குப் போனேன்.

தம்பி பொன்மலை ரயில்வே பணிமனையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். சொந்தமாக மாடி வீடு கட்டியிருக்கிறான். எனக்கு இளையவன் என்றாலும், என்னைப் பார்த்ததும் உலக அனுபவமில்லாத ஒரு சிறுமியிடம் பேசும் தொனி அவனுக்கு வந்துவிடும். அவன் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "நீங்களாவது சொல்லுங்க அண்ணி, பொண்ணு மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டிருக்கா" என்று சொல்லி உள்ளே போனார்.

"வரமாட்டேங்கிறியாமே?"

"துறையூர்லேருந்து சம்பந்தி வராராம்" என்றான். அவன் மகனுக்கு அண்மையில்தான் திருமணமாகியிருந்தது. பெண் வீட்டார் துறையூரில் அரிசி ஆலை வைத்திருப்பவர்கள். "மருமக ஆசையா அழைப்பை வாட்ஸப்ல அனுப்பிட்டா. குடும்பத்தோட வராங்களாம். அவங்க முன்னாடி நான் உக்காந்து, அந்தப் பையன் சொம்பைத் தூக்கிக்கிட்டு வீடு வீடா நிக்கிறதைப் பாக்கணுமா? பாத்தவுடனே தெரிஞ்சிராது, யாரு அதுன்னு?"

"தெரிஞ்சா என்னப்பா? வேண்டுதலுக்குப் போனது. பெருமாள் பேரைச் சொல்லித்தானே போனே? அதுல என்ன வெட்கம்?"

அவன் காப்பியை ஆற்றிக்கொண்டே என்னைப் பார்த்தான். "ஆமா. வேண்டுதல்தான்" என்றான். பிறகு, "உன் ஃப்ளாட்ல தண்ணி ஒழுங்கா வருதா?" என்று கேட்டான்.

தண்ணீரைப் பற்றிச் சற்று நேரம் பேசினோம். நான் விடாமல் படத்துக்கே திரும்பினேன். மகளின் உழைப்பைச் சொன்னேன். கலையைச் சொன்னேன். பின், படத்தைப் பற்றி நான் தயாரித்திருந்த முன்னுரையில் சில பகுதிகளைச் சொல்லிக் காட்டினேன். சொம்பு ஒரு சொம்பு மட்டுமல்ல, அது நிரம்புதலுக்கும் வெறுமைக்கும் இடையில் ஊசலாடும் மனித இருப்பு என்ற இடத்துக்கு வந்தபோது, அதுவரை சாய்ந்திருந்தவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"இதை அங்க பேசப்போறியா?"

"ஆமா. படத்துக்கு முன்னாடி."

"இவ்வளவும்?"

"இன்னும் இருக்கு."

அவன் முகத்தில் பல நாள்களாகக் காணாத ஒரு தெளிவு வந்தது. "அப்ப நான் வரேன்" என்றான். "நீ பேசினப்புறம் அது யாரு வீடு, யாரு பையன்னு ஒருத்தனுக்கும் புரியாது. முடிஞ்சப்புறம் யாராவது எதாவது கேட்டாலும் நீயே பதில் சொல்லிடு. பாப்பா வாயைத் திறக்க வேணாம்."

முப்பத்தைந்து ஆண்டுக் கற்பித்தலுக்கு இதைவிட நேர்மையான மதிப்புரை எனக்குக் கிடைத்ததில்லை. ஒப்பந்தத்துக்கு உடன்பட்டேன். உண்மையைச் சொன்னால், நீளமாகப் பேசுவதற்கு ஒருவர் தாமாகவே என்னை வேண்டிக்கொண்டது எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது.

திரையிடல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில். சன்னல்களுக்குப் போர்வைகளைத் தொங்கவிட்டு இருட்டாக்கியிருந்தார்கள். அதனால் காற்றும் நின்றுபோயிற்று. வாசகர் வட்டத்தினர், என் பழைய மாணவியர் சிலர், முன்வரிசையில் வெள்ளை வேட்டியும் சந்தனப் பொட்டுமாகத் துறையூர்ச் சம்பந்தி, அவர் குடும்பம். தம்பி எல்லோருக்கும் பின்னால், கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். தேவையானால் எழுந்து போய்விடும் எண்ணம் என்று எனக்கும் அவன் மகளுக்கும் மட்டும் தெரிந்தது.

என் உரையைப் பற்றித் தன்னடக்கத்தோடு சொல்வதானால், அது மிகவும் வெற்றிகரமாக இருந்தது. படிமத்துக்கும் குறியீட்டுக்கும் உள்ள வேறுபாட்டில் தொடங்கி, வறுமையைக் கலை எவ்வாறு அனுபவமாக அன்றி வடிவமாகக் காண்கிறது என்பதற்குள் நுழைந்தபோது, சம்பந்தி கண்ணை மூடிவிட்டார். என் மாணவியர் பழைய பழக்கத்தில் தலையாட்டினார்கள். கடைசி வரிசையில் தம்பி கையைக் கட்டிக்கொண்டு, கச்சேரி கேட்பவனைப்போல ரசித்துக்கொண்டிருந்தான். என் பேச்சு எதையும் அவன் அதற்குமுன் அப்படிக் கேட்டதில்லை.

பிறகு படம் ஓடியது. சிறுவன் சொம்போடு முதல் வாசலில் நின்றபோது நான் திரும்பிப் பார்த்தேன். தம்பி குனிந்து செருப்பின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தான். அது நெடுநேரம் சரியாகவில்லை.

விளக்கைப் போட்டார்கள். கைதட்டினார்கள். வாசகர் வட்டச் செயலாளர், யாருக்கேனும் கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார். இலக்கியக் கூட்டங்களில் வழக்கமாக நிலவும் அமைதி நிலவியது. அதைக் கலைத்துக்கொண்டு சம்பந்தி எழுந்தார்.

"எனக்கு இந்தக் குறியீடு, கிறியீடெல்லாம் தெரியாதுங்க. அம்மா நல்லாப் பேசினாங்க, தூக்கம் நல்லா வந்துச்சு." எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். "ஆனா படம் முழிச்சிக்கிட்டுதான் பாத்தேன். கடைசியில ஒரு சந்தேகம். புரட்டாசி சனிக்கிழமைக்குத்தான் சொம்பு எடுப்பாங்க. அப்ப எப்படிங்க பட்டாசுச் சத்தம் கேக்கும்? தீபாவளி ஐப்பசியிலல்ல வரும்? சவுண்டைத் தப்பாச் சேர்த்துட்டியா பாப்பா?"

தம்பி மகள் ஒலிவாங்கியோடு நின்றிருந்தாள். அவள் கண் கதவுப் பக்கம் போயிற்று. அதே வேகத்தில் தரைக்குத் திரும்பியது. "அது..." என்றாள். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

எனக்கு ஒப்பந்தம் நினைவுக்கு வந்தது. அவள் கையிலிருந்து ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டேன்.

"மிக நல்ல கேள்வி. இயக்குநர் அறியாமல் செய்த பிழை என்றுதான் முதல் பார்வைக்குத் தோன்றும். ஆனால் பசியின் நாட்காட்டியில் மாதங்கள் இல்லை. புரட்டாசியும் ஐப்பசியும் அங்கே ஒன்றின்மேல் ஒன்று கவிகின்றன. அந்த வெடிச் சத்தம் உண்மையில் தெருவில் கேட்பதன்று..."

யாரோ "ஆகா" என்றார்கள். சம்பந்தி, பட்டாசைப் பற்றிக் கேட்டதற்கு இவ்வளவும் வேண்டியதுதானா என்பதுபோல் உட்காரப் போனார். விஷயம் முடிந்துவிட்டது. தம்பி கேட்டுக்கொண்டபடியே எல்லாவற்றையும் நான் மூடிவிட்டேன். அவன் பேசாமல் இருந்திருந்தால் போதும்.

"பாப்பா தப்பாச் சேர்க்கலை, சம்பந்தி."

எல்லோரும் திரும்பினார்கள். தம்பி எழுந்து நின்றிருந்தான். முன்னாலிருந்த நாற்காலியின் முதுகை இரு கைகளாலும் பிடித்திருந்தான்.

"அது ஐப்பசிதான். தெருவுல கேட்ட வெடிதான். அந்தப் பையன் நான். புரட்டாசி முடிஞ்சப்புறமும் போனேன். வீட்டுல அரிசி இல்லை, அதான்."

சம்பந்தியின் வீட்டம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டார். சம்பந்திக்கு, தாம் ஒரு சாதாரணச் சந்தேகம் கேட்டு எங்கோ கொண்டுபோய் விட்டுவிட்டோம் என்ற பதற்றம் முகத்தில் தெரிந்தது.

"அட, அதுக்கென்ன சம்பந்தி" என்றார் அவசரமாக. "எங்க ஊர்ப் பக்கமெல்லாம் ஐப்பசியிலயும் எடுக்கிற வழக்கம் உண்டு. கார்த்திகை வரைக்கும்கூடப் போவாங்க."

அப்படி ஒரு வழக்கம் எந்த ஊரிலும் இல்லை என்பது அந்த அறையில் அனைவருக்கும் தெரியும். சற்றுமுன் அந்தக் கேள்வியைக் கேட்டவரே அவர்தான். தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இல்லைங்க சம்பந்தி. எந்த ஊர்லயும் போகமாட்டாங்க. எனக்கு அப்பவே தெரியும். அன்னிக்குக் காலையில அம்மா சொம்பைத் தொலக்கி மறுபடி நாமம் போட்டாங்க. நான் ஒண்ணும் கேக்கலை. அவங்களும் ஒண்ணும் சொல்லலை. மேலச் சித்திரை வீதியில தெரிஞ்சவங்க இருப்பாங்கன்னு அந்தப் பக்கம் போகாம, சுத்திக்கிட்டு வேற தெருவுக்குப் போனேன். ஒரு வீட்டுல மட்டும் ஒரு அம்மா, 'புரட்டாசி முடிஞ்சிருச்சேப்பா'ன்னாங்க. ஓடிரலாம்னு இருந்துச்சு. அவங்களே 'சரி, நில்லு'ன்னு உள்ள போய், முறத்தோட கொண்டாந்து கொட்டினாங்க."

"அப்புறம்?" என்று கேட்டது சம்பந்தியேதான்.

"அப்புறம் என்ன? அந்தத் தெருவுல பசங்க வெடி வச்சிக்கிட்டிருந்தாங்க. சொம்பு கனமாயிருச்சு. கீழ வச்சிட்டுக் கொஞ்ச நேரம் வேடிக்கை பாத்தேன்."

அவ்வளவுதான் சொன்னான். உட்கார்ந்துவிட்டான். ஒலிவாங்கி இன்னும் என் கையில் இருந்தது. கையில் ஒலிவாங்கி இருந்தும் எனக்குப் பேச ஒன்றுமில்லாமல் போனது அன்றுதான். செயலாளர் என்னைப் பார்த்தார்; நான் அதை அவரிடம் நீட்டினேன். நன்றியுரையை அவர் மிகச் சுருக்கமாக முடித்தார்.

அந்த நேரத்தில் எனக்கு நினைவு வந்தது அந்தச் சோறு. வேண்டுதல் சோறு என்று சொல்லி இடப்பட்ட, குழைவும் விறைப்புமாகக் கலந்த சோறு. மழை பிடித்துக்கொண்ட பிறகும் அதை நான் சாப்பிட்டிருக்கிறேன். ஓட்டிலிருந்து நீர் சொட்டும் இடத்தில் அம்மா வைத்த பாத்திரம், தட்டில் அந்தச் சோறு, மடியில் ஏதோ ஒரு நாவல். ஐப்பசி மழையில் புரட்டாசிச் சோறு எப்படி வந்தது என்று நான் கேட்டதில்லை. குறியீடு எதுவும் தேவைப்படாத அளவுக்கு அது என் தட்டிலேயே இருந்தது. அதனால்தானோ என்னவோ என் கண்ணில் படவில்லை.

கூட்டம் கலைந்தபோது தம்பி மகள் அவனருகே போய் அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் அவளுடைய முகத்தைப் பார்க்காமல், "படம் நல்லாருக்கு. அந்த வெடிச் சத்தத்தை இன்னும் கொஞ்சம் பக்கத்துல வச்சிருக்கலாம். ரொம்பப் பக்கத்துலதான் வெடிச்சானுங்க" என்றான். "வச்சிடறேன்ப்பா" என்றாள் அவள்.

சம்பந்தி அவனை விடவில்லை. தம் காரில்தான் வர வேண்டும் என்று கையைப் பிடித்து இழுத்தார். "அக்காவோட ஒரு டீ குடிச்சிட்டு வரேன், நீங்க முன்னாடி போங்க" என்று தம்பி தப்பித்துக்கொண்டான். நாங்கள் இருவரும் வீதி முனைக்கு நடந்து, ஒரு தேநீர்க் கடை வாசலில் நின்றோம். வெயில் தாழ்ந்திருந்தது. பூக்கடைகளில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா" என்றேன்.

"எதை?"

"ஐப்பசியில போனதை."

"சொல்லியிருந்தா நீ அதுக்கும் ஒரு கட்டுரை எழுதியிருப்பே." டீயை ஊதிக் குடித்தான். "பாப்பாகிட்டயும் சொல்லணும்னு சொல்லலை. முக்கொம்புக்கு ஒரு நாள் கார்ல போயிட்டிருந்தோம். சின்ன வயசுல தீபாவளிக்கு நீங்க என்ன வெடி வெடிப்பீங்கன்னு கேட்டா. வாயில வந்துருச்சு."

"நானும் பதில் சொல்லிட்டேனே அங்க. சம்பந்தி உக்காரப் போயிட்டாரு. நீ சும்மா இருந்திருந்தா முடிஞ்சிருக்கும்."

"சும்மாதான் இருந்திருப்பேன். நீ பேசினதெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. ஆனா எல்லார் முன்னாடியும் 'தப்பாச் சேர்த்துட்டியா'ன்னு அவர் கேட்டப்போ, பாப்பா என்னைப் பாத்துட்டு வாயை மூடிக்கிட்டா பாரு. எனக்காக அவ தப்பு பண்ணினவளா நிக்கிறா." டம்ளரைக் கீழே வைத்தான். "அது வேணாம்னு தோணுச்சு."

அதற்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

அவனிடம் இன்னும் கேட்க வேண்டியவை எனக்கு நிறைய இருந்தன. முறத்தோடு கொண்டுவந்து கொட்டிய அந்த அம்மாவின் வீடு எந்தத் தெருவில் இருந்தது என்று மட்டும் கேட்டேன். அவனுக்குத் தெருப் பெயர் நினைவில்லை. நடந்தால் கால் கொண்டுபோய் விட்டுவிடும் என்றான். சரி, இன்னொரு நாள் போகலாம் என்று வைத்துக்கொண்டோம். கடைக்காரர் டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனார். தம்பி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எனக்காக ஓர் ஆட்டோவை நிறுத்தினான்.

அப்பா போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அம்மா அவருக்குப் பின் சில காலம் என்னோடு இருந்து, அவளும் போய்விட்டாள். அந்த மழைக்காலத்தில் அந்த வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவர்களில் இப்போது இருப்பவர்கள் என் தம்பியும் நானும்தான்.